இரவல் தொண்டை

டிவிக்குப் போனதும் திருச்சுழி மாரிக்கனிக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று இன்றைக்கும் நரிக்குடிப் பக்கம் சொல்லித் திரிகிறவர்கள் இருக்கிறார்கள். திருவிழா மேடையிலிருந்து பாதியில் இறங்கிப் போனாளாம், ஊரை மதிக்கவில்லையாம். சொல்கிறவர்களில் பாதிப் பேர் அன்றைக்கு மேடைக்கு முன்னால் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டு அவளைப் போலி என்று கத்தியவர்கள். கத்திய வாய் எதையும் சொல்லும். நடந்ததை முதலிலிருந்து கேட்டால், அந்த மனுஷி இறங்கிப் போனதில் என்ன தப்பு என்றுதான் எவருக்கும் தோன்றும்.

திருச்சுழியில் பஸ் வந்து நிற்கிற இடத்தில் அவள் அம்மா முத்துத்தாய் காராச்சேவுக் கடை வைத்திருந்தாள். கடை என்றால் ஒரு பலகை, ஒரு அடுப்பு, மேலே ஒரு தகரம். வண்டி வந்து கிளம்புவதற்குள் ஜன்னல் ஜன்னலாக ஓடிக் கூவி விற்க வேண்டும். மாரிக்கனி பத்து வயதிலேயே அந்த வேலைக்கு வந்துவிட்டாள். கூவிக் கூவித் தொண்டை கரகரவென்று ஆகி, அப்படியே நின்றுவிட்டது. ஆண் குரலும் இல்லை, பெண் குரலும் இல்லை, ஆனால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். அந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு யாரைப் போல வேண்டுமானாலும் பேசுவாள். ஒருநாள் கண்டக்டர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவர் குரலிலேயே ‘போலாம் ரைட்’ கொடுத்தாள். டிரைவர் வண்டியை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார். கண்டக்டர் டம்ளரும் கையுமாகப் பின்னால் ஓடினார். முத்துத்தாய் சேவு அள்ளுகிற கரண்டியால் மகளை நாலு போடு போட்டாள். சிரித்துக்கொண்டேதான் போட்டாள்.

பதினெட்டு வயதில் மகள் நாடகத்துக்குப் போகிறேன் என்றபோது முத்துத்தாய் சிரிக்கவில்லை. எண்பத்து மூன்றாம் வருஷம் அது. நாடகத்துக்குப் போன பொம்பளைக்கு இந்தச் சீமையில் வீடு வாடகைக்குக் கிடைக்காது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலை காலியாகவே கிடக்கும். ஆனால் அதே ஆட்கள் அவள் ஆடுகிற மேடைக்கு மட்டும் பொழுது அடையுமுன்னே பாயோடு வந்து இடம் பிடிப்பார்கள். இந்த நியாயத்தை எழுதி வைத்த புண்ணியவான் நன்றாக இருக்கட்டும். முத்துத்தாய் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாள். மாரிக்கனி பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா சாப்பிடாமல் கிடப்பதை அம்மாவுக்கே நடித்துக் காட்டினாள். நாலாம் நாள் கிழவி எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தாள்.

நம் பக்கத்து நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், சிரிக்க வைக்கிற பபூன் ஒரு ஊர், அவரோடு ஆடுகிற டான்ஸ்காரி ஒரு ஊர். திருவிழாக்காரர்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசிக் கூட்டி வருவார்கள். சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கி, பவுடர் பூசி, மேடையில் போய் நின்றபிறகுதான் இன்றைக்கு எதிரில் நிற்கிறது யார் என்றே தெரியும். அதனால் அந்தத் தொழிலுக்கு ஒரே ஒரு சட்டம். மேடையில் ஒருவர் கேட்டால் மற்றவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். பதில் பிரமாதமாக இருக்க வேண்டும் என்றில்லை. கேட்டவரை அந்தரத்தில் விட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

பபூன் பால்ச்சாமி நரிக்குடிக்குத் தெற்கே ஒரு ஊர்க்காரர். ஊர்ப் பெயர் வேண்டாம், சொன்னால் சண்டைக்கு வருவார்கள். மாரிக்கனியைவிடப் பத்து வயது மூத்தவர். முதல் மேடையிலேயே அவர் வழக்கமாக எல்லா டான்ஸ்காரிகளிடமும் கேட்கிறதைக் கேட்டார். உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்றார். இந்த இடத்தில் பெண் வெட்கப்பட்டு முந்தானையைக் கடிக்க வேண்டும், பபூன் மேற்கொண்டு நாலு வார்த்தை ஆபாசமாகச் சொல்ல வேண்டும், கூட்டம் சிரிக்க வேண்டும். அதுதான் முறை. மாரிக்கனி முந்தானையைக் கடிக்கவில்லை.

“ஆனா என்ன, ஆகாட்டி என்ன? நீங்க மொய் எழுதவா போறீக?”

காராச்சேவு விற்ற அதே கரகரத்த குரல். கூட்டம் ஒரு கணம் திகைத்துவிட்டு அப்புறம் வெடித்துச் சிரித்தது. முக்கியமாகப் பெண்கள் பக்கம். சிரிப்பு அடங்குகிற வரைக்கும் பால்ச்சாமி காத்துக்கொண்டு நின்றார். நல்ல கலைஞன், அதைச் சொல்லியே ஆக வேண்டும். முகம் சுருங்கினாலும் உடனே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுத்த கேள்வியைப் போட்டார். அன்றைக்கு ஆரம்பித்த ஜோடி பத்து வருஷம் ஓடியது. அருப்புக்கோட்டையிலிருந்து வீரசோழன் ரோடு வரைக்கும் அவர்கள் நிற்காத மேடை இல்லை. ரேஷன் கடைக்காரி, ஆடு தொலைத்தவள், மிளகாய் வத்தல் மண்டியில் எடை பார்க்கிறவர், லோனு கேட்டு அலைகிறவள் என்று அத்தனை பேரையும் மாரிக்கனி தன் தொண்டைக்குள் வைத்திருந்தாள். மேடைக்குக் கீழே பால்ச்சாமி அவளுக்கு அண்ணன். மேடையில் மட்டும் அண்ணே என்று கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் காமெடி செத்துவிடும்.

தொண்ணூற்று மூன்றில் விருதுநகர்ப் பொருட்காட்சியில் அவளைப் பார்த்துவிட்டு மெட்ராஸ் டைரக்டர் ஒருவர் ஆள் அனுப்பினார். வாராவாரம் வியாழக்கிழமை ஏழரை மணிக்கு வரப்போகிற ‘மாடிவீட்டு அம்மணி’ என்ற தொடரில் வேலைக்காரி பொன்னம்மா வேஷம். சிரிப்பு முழுக்க அவள் தலையில்தான். பால்ச்சாமியிடம் போய்ச் சொன்னபோது அவர் வெற்றிலையை மென்றபடி, போயிட்டு வா தங்கச்சி, எங்க போனாலும் வாயை மட்டும் விட்றாத என்றார். அப்படிச் சொன்ன மனுஷன்தான் பிறகு செய்ததை நினைத்தால் வயிறு எரிகிறது. அது பிறகு.

முதல் வாரம் ஒளிபரப்பானபோது மாரிக்கனி வடபழனியில் வீட்டுக்கார அம்மாளின் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். பெட்டியில் அவள் முகம் வந்தது. கையை ஆட்டியது, கண்ணை உருட்டியது, வாயைத் திறந்தது. உள்ளேயிருந்து வேறொருத்தி பேசினாள். இனிமையான, சன்னமான, மெட்ராஸ் குரல். மாரிக்கனி தன்னையறியாமல் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ரொம்ப நல்லாப் பேசியிருக்கீங்க என்று வீட்டுக்கார அம்மாள் பாராட்டினாள். திருச்சுழியிலிருந்து முத்துத்தாய் யாரிடமோ எழுதச் சொல்லி ஒரு கார்டு போட்டிருந்தாள். தொண்டையில் ஆபரேசன் ஏதும் பண்ணியிருக்கிறார்களா, ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று கேட்டிருந்தாள்.

டைரக்டரிடம் போய்க் கேட்டாள். நடிக்கும்போது ஒப்புக்குத்தான் குரலைப் பதிவு செய்வார்கள், பிறகு டப்பிங் தியேட்டரில் உதட்டைப் பார்த்து வேறு ஆள் பேசுவது எல்லாருக்கும் நடப்பதுதான் என்றார் அவர். உங்கள் ஊர்ப் பேச்சு உங்கள் ஊருக்கே சரி, மற்ற ஜில்லாக்காரர்களுக்குப் புரியாது, அதுவும் அந்தக் கரகரப்பு வீட்டுக்குள் கேட்கச் சகிக்காது என்றார். சகிக்காத குரலைத்தானா பொருட்காட்சியில் நாலாயிரம் பேரோடு உட்கார்ந்து கேட்டீர்கள் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. முப்பதை நெருங்குகிற டான்ஸ்காரியை மேடைக்கு எவனும் கூப்பிட மாட்டான். இதை விட்டால் மறுபடி காராச்சேவுக் கடைதான். வாயை மூடிக்கொண்டு இரண்டு வருஷம் நடித்தாள். அந்த இரண்டு வருஷத்தை நினைத்தால் அவளுக்குத் தன்மேலேயே கோபம் வரும்.

தொண்ணூற்று ஆறு பங்குனி. பால்ச்சாமியின் ஊரில் அம்மனுக்குப் பொங்கல் சாட்டி நாடகம் போட்டார்கள். விழாக் கமிட்டித் தலைவர் முனீஸ்வரன், நரிக்குடியில் உரக்கடை வைத்திருக்கிறவர், மெட்ராஸுக்கே ஆள் அனுப்பி மாரிக்கனியைக் கேட்டார். அவள் ஷூட்டிங்கில் மூன்று நாள் லீவு வாங்கிக்கொண்டு ஓடி வந்தாள். பஸ் அருப்புக்கோட்டையைத் தாண்டியதும் ஜன்னலில் தலையை நீட்டி, வாய்க்குள்ளேயே ஒவ்வொரு குரலாகப் பேசிப் பார்த்துக்கொண்டு வந்தாள். எல்லாம் இருந்தன. ஊர் முழுக்க நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். ‘டி.வி. புகழ் பொன்னம்மா, திருச்சுழி மாரிக்கனி’ என்று போட்டோவோடு இருந்தது.

பத்து மணிக்கு பால்ச்சாமி முதலில் வந்து பாடி ஆடிக் கூட்டத்தைச் சூடேற்றினார். அப்புறம் மாரிக்கனி சலங்கையோடு வந்தாள். விசில் காதைக் கிழித்தது. பன்னிரண்டு ஊர் ஜனம். அவள் கும்பிட்டுவிட்டு மைக்கின் முன்னால் நின்று, ரேஷன் கடைக்காரி குரலில் சீனி இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, போய்விட்டு நாளைக்கு வா என்று ஆரம்பித்தாள். சிரிப்பு வரவில்லை. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்தான்.

“ஏலே, இது டிவி பொன்னம்மா இல்லடா. குரலே வேற. மூஞ்சி மாதிரி ஒருத்தியைப் பிடிச்சுக் கொண்டாந்துட்டாங்கெ!”

அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. ஆள் மாறாட்டம், ஏமாத்து வேலை என்று நாலா பக்கமும் கத்தல். இரண்டு வருஷமாக வாராவாரம் கேட்ட குரல்தான் அவர்களுக்கு அவள். அதற்கு முன் பத்து வருஷம் இதே மண்ணில் கேட்ட குரல் எங்கே போயிற்று? மறந்துபோனது பாதி, இளவட்டங்களுக்குத் தெரியாதது பாதி. முனீஸ்வரன் வேர்த்து விறுவிறுத்து மேடைக்கு ஏறி வந்தார். டிவியில் பேசுகிற மாதிரி இரண்டே இரண்டு வார்த்தை பேசிவிட்டால் போதும், ஊர் அடங்கிவிடும், காலில் விழாத குறையாகக் கேட்கிறேன் என்றார்.

அவளால் முடியாதா? கண்டக்டர் குரலில் பஸ்ஸையே கிளப்பியவள். அந்த மெட்ராஸ் குரலைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அச்சு அசலாகப் பேசுவாள். இரண்டு வார்த்தை சொன்னால் கைதட்டல், மாலை, சால்வை எல்லாம் கிடைக்கும். சொல்ல வாயைத் திறந்தும்விட்டாள். திறந்த வாய்க்குள் நாக்கு அசையவில்லை. தனக்காகப் பேசுகிறவளைப் போலத் தானே பேசிக் காட்டித்தான் தன்னைத் தான் என்று நிரூபிக்க வேண்டுமா? மாட்டேன் என்று முனீஸ்வரனிடம் சொல்லிவிட்டுப் பால்ச்சாமி பக்கம் திரும்பினாள். மைக்கிலேயே கேட்டாள்.

“அண்ணே, பத்து வருசம் என்கூட நின்னிருக்கீக. நான் யாருன்னு இவுகளுக்கு நீங்க சொல்லுங்க.”

மேடையில் அவள் அவரை அண்ணே என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பால்ச்சாமி அவளைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். எதிரில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்ததெல்லாம் அவருடைய சொந்த ஊர், சொந்த சாதிசனம். ஊரை எதிர்த்துப் பேச வேண்டும். இரண்டு வருஷமாக உன் ஜோடி டிவிக்குப் போய்விட்டாள், நீ இங்கேயே கிடக்கிறாயே என்று கேட்டவர்களும் அவர்கள்தான், அந்தப் புகைச்சலும் உள்ளே இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு ஹார்மோனியக்காரரைப் பார்த்தார். பதில் சொல்லவில்லை. அந்தத் தொழிலுக்கு இருக்கிற ஒரே சட்டத்தை அந்த மனுஷன் மீறினார்.

மாரிக்கனி சலங்கையை மேடையிலேயே உட்கார்ந்து நிதானமாக அவிழ்த்தாள். இரண்டு கால் சலங்கையையும் கையில் எடுத்துக்கொண்டு படி இறங்கி, கூட்டத்துக்கு நடுவிலேயே நடந்து போனாள். வழி விட்டார்கள். அதைத்தான் தலைக்கனம் என்கிறார்கள்.

மெட்ராஸுக்குப் போனதும் முதல் வேலையாக டப்பிங் தியேட்டரைத் தேடிப் போனாள். அவளுக்காகப் பேசுகிற பெண்ணின் பெயர் சுகப்பிரியா. பார்த்தால் ஒரு கத்து கத்த வேண்டும் என்றுதான் போனாள். இருட்டறையில் கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு, பிளாஸ்க்கில் வெந்நீர் குடித்துக்கொண்டு ஒல்லியாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மாரிக்கனியைக் கண்டதும் எழுந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு நாளைக்கு நாலு பேர் வாய்க்குப் பேசுகிறாளாம். இத்தனை வருஷத்தில் அந்த நாலு பேரில் ஒருத்தி அவளைப் பார்க்க வந்தது இதுதான் முதல் தடவையாம். மாரிக்கனிக்குக் கத்த வரவில்லை. நடந்ததைச் சொன்னாள். என் வாயை நானே எடுத்துக்கொள்ளப் போகிறேன், உன் பிழைப்பு போகுமே என்றாள்.

“எனக்கு இது இல்லாட்டி இன்னொரு வாய், அக்கா. உங்களுக்கு இருக்கறது ஒண்ணுதானே?” என்றாள் சுகப்பிரியா.

அடுத்த திங்கட்கிழமை ஷூட்டிங். மாடிவீட்டு அம்மணி வேலைக்காரியைத் திட்டுகிற காட்சி. பேப்பரில் பொன்னம்மாவுக்கு எழுதியிருந்தது ஒன்பது வரி வசனம். மாரிக்கனி அந்த ஒன்பதையும் ஒரே மூச்சில், வத்தல் மண்டியில் ஏலம் விடுகிற வேகத்தில் பேசினாள். வாய் நிறைய முறுக்கை மென்றுகொண்டே பேசினாள். நடுவில் ஆட்டை விரட்டுகிற மாதிரி நாக்கைச் சொடுக்கினாள். ஓரிடத்தில் குலவை போட்டாள். மூன்று தடவை எடுத்தார்கள், மூன்று தடவையும் வேறு வேறு மாதிரி பேசினாள். லைட்டைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களில் மதுரைப் பக்கத்து ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கடைசியில் அம்மணி, உனக்கு என்ன ஆச்சு இன்னிக்கு என்று கேட்க, பொன்னம்மா ஒன்றுமில்லை அம்மா என்று சொல்ல வேண்டும். அங்கே மாரிக்கனி பேப்பரில் இல்லாத ஒரு பதிலை எடுத்து விட்டாள். லைட்காரர்கள் சிரித்த சிரிப்பில் கேமராக்காரரே ஆடிப்போனார். டைரக்டர் மட்டும் சிரிக்கவில்லை. சரி, நடிப்பு நன்றாக இருக்கிறது, பேச்சை டப்பிங்கில் மாற்றிக்கொள்ளலாம் என்றார். எதற்கெடுத்தாலும் அவருக்கு அது ஒரு பேச்சு.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சுகப்பிரியா மைக் முன்னால் உட்கார்ந்தாள். திரையில் மாரிக்கனியின் வாய் ஓடியது. இவள் ஆரம்பிப்பதற்குள் அது மூன்று வரி தாண்டிவிட்டது. மறுபடி போட்டார்கள். முறுக்கு இடித்தது. மறுபடி போட்டார்கள். நாக்குச் சொடுக்கு வந்த இடத்தில் இவள் வசனம் நின்றது. குலவையை அவள் முயன்று பார்த்ததும் சத்தப்பதிவுக்காரர் காதிலிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டார். மதியம் இரண்டு மணி வரை போராடிவிட்டுச் சுகப்பிரியா எழுந்தாள். அவள் நிஜமாகவே முடியாமல் எழுந்தாளா, முடிந்தும் எழுந்தாளா என்பது அவளுக்கும் ஆண்டவனுக்கும் தெரிந்த விஷயம். சார், இந்த வாய்க்குச் சொந்தக்காரியைக் கூப்பிடுங்கள், வேறு யார் வந்தாலும் நடக்காது என்று சொல்லிவிட்டு மப்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

புதன்கிழமை காலை டேப்பை டிவி நிலையத்தில் ஒப்படைத்தாக வேண்டும். திரும்ப எடுக்க நேரமில்லை, நடிகைகளின் தேதியும் இல்லை. டைரக்டர் ஆள் அனுப்பினார். மாரிக்கனி தயாராக வாசலில்தான் நின்றாள். இரண்டு வருஷம் கேட்ட குரல் திடீரென்று மாறினால் ஜனங்கள் திட்டிக் கடிதம் எழுதுவார்கள் என்று அவர் கடைசியாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். வரட்டும், அந்தக் கடிதத்தையெல்லாம் என்னிடமே கொடுங்கள், இதே குரலில் வாசித்துக் காட்டுகிறேன் என்றாள் அவள். பிறகு மைக் முன்னால் நின்றாள். விளக்கு அணைந்தது. திரையில் அவள் வாய் திறந்தது, அவள் குரல் வந்தது. இரண்டு வருஷத்துக்கப்புறம் இரண்டும் ஒன்றாக வந்தன. கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. துடைக்கக்கூட நேரம் இல்லை. அழுதுகொண்டே குலவை போட்டாள், ஓர் இடத்தில்கூட உதடு தப்பவில்லை.

அந்தப் பகுதி டிவி நிலையத்தில் வரிசையில் காத்திருந்து ஒளிபரப்பானது வைகாசி மாதத்து ஒரு வியாழக்கிழமை. புதன் இராத்திரி பஸ் ஏறி, மதுரையில் இறங்கி, அருப்புக்கோட்டையில் மாறி, வியாழன் சாயங்காலம் அவள் போய் இறங்கிய இடம் திருச்சுழி இல்லை. அம்மாவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பால்ச்சாமியின் ஊரில், பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில்தான் ஊருக்குப் பொதுவான டிவி. தூக்குவாளியும் மஞ்சள் பையுமாக அவள் நடந்து வந்ததைப் பார்த்ததும் பேச்சு நின்றது. யாரும் வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. பெண்கள் பக்கம் நடுவில் இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். ஒரு பாட்டி மட்டும் சேலையை ஒதுக்கி இடம் விட்டாள். முனீஸ்வரன் நாற்காலியில் நெளிந்தார். ஆண்கள் பக்கம் கடைசியில் சுவரோரமாகப் பால்ச்சாமி நின்றிருந்தார். ஒரு வியாழக்கிழமைகூட அவர் அந்தச் சுவரை விட்டு நகர்ந்ததில்லை என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஏழரைக்குத் தொடர் ஆரம்பித்தது. பொன்னம்மா வந்து வாயைத் திறந்தாள். பெட்டிக்குள்ளிருந்து காராச்சேவுத் தொண்டை வந்தது. முறுக்கு, ஏலம், நாக்குச் சொடுக்கு, குலவை. முதலில் பாட்டிதான் சிரித்தாள். இது நம்ம பக்கத்துப் பேச்சுல்ல என்றாள். தலைகள் பெட்டியைப் பார்ப்பதும் மாரிக்கனியைப் பார்ப்பதுமாகத் திரும்பித் திரும்பி ஆடின. அவள் ஒருவரையும் பார்க்காமல் நேராக உட்கார்ந்திருந்தாள். பெட்டியில் மாடிவீட்டு அம்மணி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, ‘உனக்கு என்னடி ஆச்சு இன்னிக்கு?’ என்று கேட்டாள்.

கரண்டு போய்விட்டது.

அந்தக் காலத்தில் கரண்டு போகாத வியாழக்கிழமை உண்டா? ஆனாலும் அந்த இடத்தில் போக வேண்டுமா? ஊரே ஒரு குரலாகச் சலித்துக்கொண்டது. கண்ணைக் குத்தினாலும் தெரியாத இருட்டு. அந்த ஒரு பதிலுக்காகத்தான் அவள் முந்நூறு மைலுக்கு மேல் வந்திருந்தாள். மடியிலிருந்த மஞ்சள் பையைக் கீழே வைத்தாள். அப்புறம் எழுந்து நின்றாள்.

“பெட்டிக்குத்தான் கரண்டு வேணும். எனக்கு எதுக்கு?”

இருட்டில் அத்தனை பேரும் அடங்கினார்கள். பேசுகிறது யாரு என்று முனீஸ்வரனின் குரல் கேட்டது. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார், பாவம். பெட்டியில் கேட்ட அதே தொண்டை பக்கத்தில் கேட்டால் மனுஷனுக்குக் குழம்பத்தானே செய்யும். மாரிக்கனி வாயைத் திறக்கப் போனாள். அதற்குள் சுவரோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. உடைந்துபோய் வந்தது, ஆனாலும் மேடையில் பாடுகிற குரல்.

“இன்னுமா தெரியலை? திருச்சுழி மாரிக்கனி. அன்னைக்கு நம்ம மேடையில நின்னதும் இவதான். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லாம நின்னேன்.”

மாரிக்கனிக்கு அவரை மன்னிக்கத் தோன்றவில்லை. அவள் அப்படியெல்லாம் சுலபத்தில் மன்னிக்கிற ஆளும் இல்லை. ஆனால் இரண்டரை மாதம் அந்தரத்தில் தொங்கிய ஒரு கேள்வி தரைக்கு வந்து சேர்ந்ததை அவள் உடம்பு உணர்ந்தது. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். சுவரோரத்திலிருந்து மறுபடி அவர் குரல். இந்தத் தடவை மாடிவீட்டு அம்மணியின் குரலில், பபூனுக்கே உரிய இழுப்போடு வந்தது.

“ஏன்டீ பொன்னம்மா, உனக்கு என்னடி ஆச்சு இன்னிக்கு?”

“எனக்கு ஒண்ணும் ஆகலைம்மா. இம்புட்டு நாளும் இரவல் தொண்டையில பேசிக்கிட்டு இருந்தேன். கல்யாண வீடு முடிஞ்சிருச்சு. நகைக்குச் சொந்தக்காரவுக வந்தாக, கழட்டிக் குடுத்துட்டேன். இனிமே இதுதான் என் தொண்டை. பிடிச்சவுக கேளுங்க. பிடிக்காதவுக காதைக் கழட்டி இரவல் குடுங்க.”

கல்யாண வீட்டுக்கு இரவல் நகை போட்டுப் போகாத பெண் அந்த வாசலில் ஒருத்திகூட இல்லை. இருட்டில் பெண்கள் பக்கம் சிரித்த சிரிப்பு கண்மாய்க்கரை வரைக்கும் கேட்டிருக்கும். பாட்டி அவள் காலைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். மாரிக்கனி சிரிப்பு அடங்கட்டும் என்று காத்து நின்றாள். எத்தனை நேரம் காத்து நிற்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி, அன்றைக்கு எந்த இடத்தில் நிறுத்தினோம் என்று கேட்டாள். ரேஷன் கடை, சீனி இல்லைன்னு சொன்ன இடம் என்று பால்ச்சாமி சொன்னார். அப்படியானால் வரிசையில் வந்து நில்லுங்கள் என்றாள் அவள். அவர் இருட்டில் தட்டுத் தடுமாறிக் கூட்டத்தின் நடுவே வருகிற சத்தம் கேட்டது.

மண்ணெண்ணெய் வாங்க வந்தவரை அவள் விரட்டிக்கொண்டிருந்தபோது கரண்டு வந்தது. விளக்கு எரிந்தது, பெட்டி உயிர் பெற்று எதையோ பாட ஆரம்பித்தது. ஒருத்தரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. முனீஸ்வரன் எழுந்து போய் டிவியை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அது இடைஞ்சலாக இருந்தது.